உடலைக் கற்ற தமிழ்

நுழையும்முன்

ஒரு மொழியில் கதையும் கவிதையும் பிறப்பது இயல்பு. மனித உடலின் எலும்பையும் நரம்பையும், இதயத்தின் துடிப்பையும் நுரையீரலின் மூச்சையும் கல்லூரி அளவில் கற்பிக்கும் ஆற்றல் அம்மொழிக்கு உண்டா என்னும் வினா எழும்போதுதான், அது அறிவியல் மொழியாகவும் விளங்குமா என்பது தெரியவரும். தமிழைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு ஒன்றரை நூற்றாண்டிற்கு முன்பே செயலால் விடை அளிக்கப்பட்டுள்ளது. அவ்விடையையும், உடற்கூறியல், உடலியங்கியல் ஆகிய இரு துறைகளின் இயல்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிற்றூரிலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு

விருத்தாசலத்தை அடுத்துள்ள கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, மருத்துவக் கல்லூரியில் இடம்பெறும் மாணவர்கள் இன்று உள்ளனர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இளநிலை மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டில் இயற்றியது. அதன் பயனாக, தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலையே முதன்முதலாக மிதிப்பவர்களும் மருத்துவ மாணவர்களாகத் திகழ்கின்றனர்.

இளநிலை மருத்துவக் கல்வி நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. அதன் முதற்கட்டத்தில் மாணவர் கற்பவை மூன்று பாடங்கள். உடலின் அமைப்பைக் கூறுவது உடற்கூறியல். உடலின் செயல்களைக் கூறுவது உடலியங்கியல். அச்செயல்களுக்கு அடிப்படையான வேதி மாற்றங்களைக் கூறுவது உயிர்வேதியியல். இம்மூன்றையும் கல்லாமல் நோயைப் பற்றிக் கற்க இயலாது. பழுதற்ற உடல் எவ்வாறு இருக்கும், எவ்வாறு இயங்கும் என்பதை அறிந்தவரே பழுது எங்கு நேர்ந்தது என்பதை அறிவார்.

இந்த முதற்கட்டம் மாணவர்க்கு இரு வகையில் கடினமானது. கற்க வேண்டிய பொருள் மிகுதி என்பது ஒன்று. நன்கு அறிந்த தம் உடலையே, இலத்தீன், கிரேக்க மூலமுடைய ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்களின் வழியே மீண்டும் கற்க வேண்டியிருப்பது மற்றொன்று.

முதல் ஆசிரியர்

மருத்துவ மாணவர் சந்திக்கும் முதல் ஆசிரியர் பேசாதவர். உடற்கூறாய்வுக் கூடத்தின் மேசைமேல் கிடத்தப்பட்டுள்ள உயிரற்ற உடலே அவ்வாசிரியர். ஃபார்மலின் என்னும் வேதிக் கரைசலால் கெடாமல் காக்கப்பட்ட அவ்வுடலைத் தொடுவதற்கு முன், மாணவர்கள் அதற்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி ஏற்கும் மரபு இந்திய மருத்துவக் கல்லூரிகளில் உள்ளது. உடலைக் கண்ணியத்துடன் நடத்துவோம், அதனிடமிருந்து பெறும் அறிவை மக்கள் நலனுக்குப் பயன்படுத்துவோம் என்பது அவ்வுறுதிமொழியின் சாரம்.

தம் இறப்பிற்குப் பின் உடலை மருத்துவக் கல்லூரிக்கு வழங்குமாறு எழுதிவைப்போரின் கொடையால்தான் இக்கல்வி நடைபெறுகிறது. மேற்கு வங்கத்தின் முன்னாள் முதலமைச்சர் ஜோதி பாசுவின் உடல், அவர் விருப்பப்படி 2010ஆம் ஆண்டில் மருத்துவக் கல்விக்கு வழங்கப்பட்டது. பெயர் அறியப்படாத எளிய மக்கள் பலரும் இக்கொடையை வழங்கி வருகின்றனர்.

உடலைத் திறந்து பார்த்துக் கற்க வேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டிற்குப் புதிதன்று. சுசுருத சங்கிதை என்னும் பழைய வடமொழி மருத்துவ நூல், உயிரற்ற உடலைக் கூட்டினுள் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின்னர்த் தூரிகை போன்ற கருவியால் தோலிலிருந்து தொடங்கி அடுக்கடுக்காகத் தேய்த்து நீக்கி உள்ளுறுப்புகளைக் காணும் முறையைக் கூறுகிறது. கண்ணால் கண்டதும் நூலால் கற்றதும் இணையும்போதே அறிவு பெருகும் என்பது அந்நூலின் கருத்து. காலப்போக்கில் இவ்வழக்கம் மறைந்தது. நவீன இந்தியாவில் 1836ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மேற்கொண்ட உடற்கூறாய்வு, சமூகத் தடையை உடைத்த நிகழ்வாக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றுள்ளது.

ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இதே தடை நிலவியது. கிரேக்க மருத்துவர் காலன் விலங்குகளை அறுத்து எழுதிய கருத்துகளே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனித உடலுக்கும் உரியனவாகக் கற்பிக்கப்பட்டன. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்பது அவற்றுள் ஒன்று. 1543ஆம் ஆண்டில் வெசாலியஸ் தம் நூலை வெளியிட்டு, மனித உடலைத் தாமே அறுத்துக் கண்டதன் அடிப்படையில், கீழ்த்தாடை ஒரே எலும்பு என்று நிறுவினார். யார் கூறினார் என்பதைவிட எது காணப்பட்டது என்பதே முதன்மையானது என்னும் அறிவியல் நெறி, இவ்வாறு உடற்கூறியல் மேசையிலும் வேரூன்றியது.

அமைப்பும் இயக்கமும்

உடற்கூறியலும் உடலியங்கியலும் இரு துறைகள் எனினும், ஒன்றை விட்டு மற்றொன்று நிறைவு பெறுவதில்லை. இதனை விளக்கும் சிறந்த சான்று குருதி ஓட்டத்தின் வரலாறு.

இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விளங்கிய ஃபாப்ரிசியஸ், சிரைகளின் உட்புறத்தில் சிறுசிறு மடிப்புகள் இருப்பதைக் கண்டு, 1603ஆம் ஆண்டில் படங்களுடன் வெளியிட்டார். அவர் கண்டவை தடுக்கிதழ்கள். அமைப்பை மிகத் துல்லியமாக வரைந்த அவருக்கு, அவ்விதழ்கள் எதற்காக உள்ளன என்பது சரியாக விளங்கவில்லை. அவரிடம் பயின்ற ஆங்கிலேய மாணவர் வில்லியம் ஹார்வி அதே இதழ்களை வேறு கண்ணால் நோக்கினார். அவை யாவும் குருதியை இதயம் நோக்கி மட்டுமே செல்லவிடும் வகையில் அமைந்திருப்பதை உணர்ந்தார். குருதி உடலில் சுற்றி வருகிறது என்னும் உண்மையை 1628ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ஹார்வியின் வாதத்தில் எளிய கணக்கு ஒன்றும் இருந்தது. அதனை இன்றைய அளவுகளில் செய்து பார்க்கலாம். ஓய்வாக உள்ள ஒருவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்திற்கு 70 முறை துடித்தால் ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 300 லிட்டர். உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி ஒரு மணி நேரத்தில் உண்டாக முடியாது. ஆகவே, உடலில் உள்ள அதே 5 லிட்டர் குருதியே மீண்டும் மீண்டும் சுழன்று வர வேண்டும். நாடித் துடிப்பை எண்ணத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய பெருக்கல் கணக்கு, காலங்காலமாக நிலவிய கொள்கையை வீழ்த்தியது.

எனினும் ஹார்வியின் விளக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தது. தமனியிலிருந்து குருதி எவ்வழியே சிரைக்குச் செல்கிறது என்பதை அவரால் காண முடியவில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், மால்பிகி என்பவர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, தந்துகிகள் என்னும் நுண்குழாய்களைக் கண்டார். அமைப்பைக் கண்டவரிடம் விளக்கம் இல்லை. விளக்கம் தந்தவரிடம் ஓர் அமைப்பு விடுபட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது குருதி ஓட்டம் முழுமையாக விளங்கியது. கல்லூரிகளில் இவ்விரு பாடங்களும் ஒரே காலத்தில் கற்பிக்கப்படுவதன் காரணம் இதனால் புலனாகும்.

எலும்பும் பீங்கானும்

வளர்ந்த மனிதரின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்போது இவ்வெண்ணிக்கை இதனினும் மிகுதி. வளரும்போது பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைகின்றன. ஒரு கையின் மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை 27 எலும்புகளும், ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் உள்ளன. இரு கைகளுக்கும் இரு பாதங்களுக்குமாகச் சேர்த்தால் 106. உடலின் எலும்புகளில் பாதிக்கும் மேற்பட்டவை கையிலும் காலிலும் அமைந்திருப்பதை எண்ணினால், மனிதன் நடப்பதிலும் நுட்பமாகத் தொழில் செய்வதிலும் உள்ள சிறப்பு விளங்கும்.

எலும்பின் இயல்பை விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலோடு ஒப்பிட்டு அறியலாம். களிமண்ணைச் சூளையில் சுடும்போது அது கெட்டிப்படுகிறது. ஆனால் கைதவறி விழுந்தால் உடைந்துபோகிறது. எலும்பும் கெட்டியானதே. ஆயினும் ஓடியாடும் சிறுவனின் கால் எலும்பு ஒவ்வொரு தாவலிலும் உடைவதில்லை. இதற்குக் காரணம் எலும்பு இரு பொருள்களின் கூட்டாக இருப்பதுதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள் அதற்குக் கடினத்தன்மையைத் தருகிறது. கொலாஜன் என்னும் புரத இழைகள் வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருகின்றன.

இதனைச் சோதித்தும் அறியலாம். கோழியின் கால் எலும்பைச் சில நாள்கள் வினிகரில் ஊறவைத்தால், அமிலம் தாதுப்பொருளைக் கரைத்துவிடும். எஞ்சிய எலும்பை இரப்பரைப் போல வளைக்கலாம். மற்றோர் எலும்பை நெருப்பில் நன்கு எரித்தால் புரதம் அழிந்துவிடும். வடிவம் மாறாமல் வெண்மையாக நிற்கும் அவ்வெலும்பு, தொட்டவுடன் பீங்கானைப் போல நொறுங்கும். இவ்வாறு எரித்த எலும்பின் சாம்பலைக் களிமண்ணுடன் சேர்த்து ஒருவகை மெல்லிய வெண்பீங்கான் செய்யப்படுவதும் உண்டு. முதியோரின் எலும்பு எளிதில் முறிவதும், சத்துக் குறைந்த குழந்தையின் கால் எலும்பு வளைவதும் ஏன் என்னும் வினாக்களுக்கான திறவுகோல் இச்சோதனைகளில் உள்ளது.

எலும்பின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்வது கல்வியாகாது. மேற்கை எலும்பின் பின்புறத்தில் சாய்வான பள்ளம் ஒன்று உண்டு. ஆரை நரம்பு அதனை ஒட்டியே செல்கிறது. அப்பகுதியில் எலும்பு முறிந்தவர் மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்த இயலாமல் போகலாம். அடிபட்டது மேற்கையில், செயலிழந்தது மணிக்கட்டில். அப்பள்ளத்தை அறிந்த மாணவர்க்கு இது புதிரன்று. உடற்கூறியலின் ஒவ்வொரு சிறு குறிப்பின் பின்னும் இவ்வாறு ஒரு நோயாளி நிற்கிறார்.

தெரிந்து தெளிவோம்

உலகெங்கும் மருத்துவ மாணவர் பயிலும் உடற்கூறியல் நூலை ஹென்றி கிரே 1858ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்டார். அதன் புகழுக்குக் காரணமான படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். அவர் அதே ஆண்டில் இந்தியாவிற்கு வந்து, பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியலும் உடலியங்கியலும் கற்பித்தார். கிரே 1861ஆம் ஆண்டில் பெரியம்மை நோயால் இளம் வயதிலேயே மறைந்தார்.

மானிப்பாயின் மருத்துவப் பள்ளி

உடற்கூறியலையும் உடலியங்கியலையும் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கிய பள்ளி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் செயல்பட்டது. யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயே அப்பள்ளி அமைந்த இடம். அதனை நடத்தியவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து பள்ளிகளை நிறுவினர். 1823ஆம் ஆண்டில் அவர்கள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி உயர்கல்வி நிலையமாக விளங்கியது. அம்மிஷனின் முதல் மருத்துவரான ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். வேலூரில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி ஆவார்.

கிறீன் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று, 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டில் மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தவாறே மாணவர்களுக்கும் மருத்துவம் கற்பிக்கலானார். தொடக்கத்தில் பயிற்றுமொழி ஆங்கிலமாகவே இருந்தது. 1857ஆம் ஆண்டில் தாயகம் சென்ற அவர், 1862ஆம் ஆண்டில் திரும்பி வந்தார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்தினார்.

இம்மாற்றத்திற்குக் காரணம் மொழிப்பற்று மட்டுமன்று. ஆங்கிலத்தில் பயின்ற மருத்துவர்கள் அரசுப் பணியை நாடி வெளியூர்களுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் பிறந்த ஊர்களில் மருத்துவர் இல்லாத நிலையே தொடர்ந்தது. தமிழில் பயின்றவர் தம் மக்களிடையே தங்கி, அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசி மருத்துவம் செய்வார் என்று கிறீன் கருதினார். கல்வியின் மொழி எதுவோ, அதுவே கற்றவர் செல்லும் திசையையும் தீர்மானிக்கக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பாடநூலின்றிப் பாடம் நடத்த இயலாது. எனவே கிறீன் நூலாக்கத்தில் ஈடுபட்டார். கட்டர் என்பவரின் உடற்கூறியல், உடலியங்கியல், நலவியல் நூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ எனத் தமிழாயிற்று. மகப்பேற்று மருத்துவம் ‘பிரசவ வைத்தியம்’ என்னும் நூலாகவும், அறுவை மருத்துவம் 1867ஆம் ஆண்டில் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலாகவும் வெளிவந்தன. கிரே முதலியோரின் நூல்களைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872ஆம் ஆண்டிலும், வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875ஆம் ஆண்டிலும், டால்டனின் உடலியங்கியல் நூலைத் தழுவிய ‘மனுஷ சுகரணம்’ 1883ஆம் ஆண்டிலும் அச்சேறின. கிறீனும் அவர்தம் தமிழ் மாணவர்களும் இணைந்து உருவாக்கிய இந்நூல்கள் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்டவை.

1873ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. 1884ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அமெரிக்க மண்ணில் உள்ள அவருடைய கல்லறையில், தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்னும் பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது.

சொல்லைத் தேடிய பணி

புதிய அறிவியலைத் தமிழில் கூற முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சொற்களே. பொருத்தமான தமிழ்ச்சொல் வழக்கில் இருப்பின் அதனை ஏற்றல், இல்லாதபோது வடமொழிச் சொல்லை எடுத்தல், இரண்டும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப அமைத்தல் என்னும் மூன்று வழிகளையும் கிறீனின் நூல்களில் காணலாம். ‘கெமிஸ்தம்’ என்பது மூன்றாம் வழிக்குச் சான்று. ‘சுகரணம்’ என்பது இரண்டாம் வழிக்குச் சான்று. ‘அங்காதிபாதம்’ என்னும் பெயரைக் கேட்கும்போது, தலை முதல் கால் வரை வருணிக்கும் கேசாதிபாதம் என்னும் இலக்கிய மரபு நினைவிற்கு வருகிறது. நூல்களோடு நில்லாமல், கலைச்சொற்களைத் தொகுத்துச் சொற்றொகுதிகளையும் கிறீன் வெளியிட்டார்.

அக்காலத்து மொழிநடைக்கேற்ப வடசொற்கள் மிகுந்த அப்பெயர்கள் இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூறியல் ஆயிற்று. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று. கெமிஸ்தம் வேதியியல் ஆயிற்று. இம்மாற்றத்தின் பின்னால் பலரின் உழைப்பு உள்ளது. 1916ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்கப்பட்ட அறிவியல் கலைச்சொல் சங்கமும், 1954ஆம் ஆண்டு முதல் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் களஞ்சியமும் அவ்வுழைப்பின் மைல்கற்கள்.

எல்லாச் சொற்களையும் புதிதாகப் படைக்க வேண்டிய தேவையும் தமிழில் இல்லை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் என்னும் பெயர்களை நோக்குக. அறுத்த ஆட்டின் நுரையீரலைக் கையில் எடுத்தவர்க்கு அது நுரை திரண்டாற்போலக் காற்று நிறைந்து மென்மையாக இருப்பது தெரியும். நுண்ணோக்கி வருவதற்கு முன்பே, அவ்வுறுப்பின் இயல்பைத் தமிழ் தன் பெயரிலேயே பொதிந்து வைத்துள்ளது. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், முதுகெலும்பு முதலிய சொற்களும் கற்பவர்க்குப் பொருளை உடனே உணர்த்துவன.

‘நரம்பு’ கற்பிக்கும் பாடம்

வழக்குச் சொற்களை அறிவியலில் ஆளும்போது எச்சரிக்கையும் வேண்டும். பேச்சு வழக்கில் கையில் புடைத்துத் தெரியும் குருதிக்குழாயையும் மக்கள் நரம்பு என்கின்றனர். மருத்துவமனையில் சிரை வழியே செலுத்தப்படும் மருந்தை ‘நரம்பு ஊசி’ என்பர். குதிகாலுக்கு மேல் தடித்துத் தெரியும் தசைநாணையும் நரம்பு என்பதுண்டு. யாழில் கட்டும் தந்திக்கும் அதுவே பெயர்.

அறிவியலில் இவை வெவ்வேறு. மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தியைக் கொண்டுசெல்வது நரம்பு. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்வது தமனி. இதயத்திற்குக் குருதியைத் திரும்பக் கொணர்வது சிரை. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். அறுவை மருத்துவர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் நோயாளியின் கை வாழ்நாள் முழுதும் செயலற்றுப் போகலாம். இங்குச் சொல்லின் துல்லியம் உயிரோடும் உறுப்போடும் தொடர்புடையது.

இதனைத் தமிழின் குறை எனக் கருதுதல் பொருந்தாது. ‘நியூரான்’ என்னும் கிரேக்கச் சொல்லும் பழங்காலத்தில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்ததே. ஆய்வு வளர வளர அதன் பொருள் வரையறுக்கப்பட்டது. எந்த மொழியும் அறிவியல் மொழியாகப் பிறப்பதில்லை. ஆய்வாளரும் ஆசிரியரும் மாணவரும் பயன்படுத்தப் பயன்படுத்தவே அது அறிவியல் மொழியாகிறது.

தடைப்பட்ட தொடர்ச்சி

மானிப்பாய் முயற்சி நெடுங்காலம் தொடரவில்லை. 1870ஆம் ஆண்டில் கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு ஆங்கிலமே பயிற்றுமொழி. சென்னையில் 1835ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தோன்றி, 1850ஆம் ஆண்டில் கல்லூரிப் பெயர் பெற்ற நிறுவனத்திலும் உயர் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திலேயே அமைந்தது. அரசின் ஏற்பும் பணிவாய்ப்பும் ஆங்கிலக் கல்விக்கே கிடைத்தமையால், தமிழ் மருத்துவ நூல்கள் கற்பாரின்றி நூலகங்களில் தங்கின. ஒரு நூல் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டால்தான் புதிய கண்டுபிடிப்புகள் அதில் இடம்பெறும். கிரேயின் ஆங்கில நூல் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் பயிலப்படுகிறது. அதனைத் தழுவித் தோன்றிய தமிழ் நூலுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தமிழால் இயலுமா என்பதற்கு மானிப்பாய் விடையளித்தது. இயன்றதைத் தொடர்ந்து போற்றினோமா என்பது இன்னும் விடை வேண்டி நிற்கும் வினா.

உலகெங்கும் நடைபெறும் ஆய்வுகளை அறியவும், பிற நாட்டு மருத்துவரோடு கலந்துரையாடவும் ஆங்கிலம் இன்று இன்றியமையாதது. இதில் ஐயமில்லை. ஆயினும் ஆங்கிலத்தில் கற்ற மருத்துவரும் தமிழை விட்டுவிட இயலாத இடம் ஒன்று உண்டு. அது நோயாளியின் முன் அவர் அமரும் இடம்.

நோயாளியின் மொழி

களிமண்ணையும் கல்தூளையும் கையாளும் தொழில்களில் சிலிக்கா என்னும் நுண்தூசு காற்றில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். மிக நுண்ணிய துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்லும். அங்கு ஏறத்தாழ 30 கோடி காற்று நுண்ணறைகள் உள்ளன. குருதி ஆக்சிஜனைப் பெற்றுக் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவது அவற்றின் மெல்லிய சுவர்கள் வழியேதான். துகள்களை விழுங்கி அகற்ற வரும் காவல் செல்கள் சிலிக்காவைச் செரிக்க இயலாமல் சிதைகின்றன. அவ்விடங்களில் வடுக்கள் தோன்றுகின்றன. மென்மையான நுரையீரல் மெல்ல மெல்ல இறுகுகிறது. சிலிகோசிஸ் எனப்படும் இந்நோயால் இறுகிய பகுதியை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர இயலாது. தூசைத் தடுப்பதே வழி.

பல்லாண்டுகளாகத் தூசு நடுவே உழைத்த தொழிலாளி ஒருவர் மூச்சிரைப்போடு மருத்துவரிடம் வருவதாகக் கொள்வோம். மருத்துவர் நோயின் ஆங்கிலப் பெயரை மட்டும் கூறினால் அவர் தலையசைத்துவிட்டுச் செல்வார். மறுநாளும் அதே தூசில் நிற்பார். ‘உங்கள் நுரையீரல் நுரைபோல மென்மையானது. அதனுள் காற்று தங்கும் சிறுசிறு அறைகள் உள்ளன. இத்தூசு அங்குச் சென்று தங்கி, அவ்விடத்தைத் தழும்பாக்கி இறுக்கிவிடுகிறது. முகக்கவசம் அணியுங்கள், மண்ணை ஈரமாக்கி வேலை செய்யுங்கள், தூசை வெளியேற்றும் விசிறி அமைக்கச் சொல்லிக் கேளுங்கள்’ என்று விளக்கினால், அவர் தம் உடலை அறிவார். அறிந்தவர் காத்துக்கொள்வார்; உரிமையோடு கேட்கவும் செய்வார்.

இவ்விளக்கத்தைத் தருவதற்கு உடற்கூறியல் வேண்டும், உடலியங்கியல் வேண்டும், அவ்விரண்டையும் சுமக்கும் தமிழும் வேண்டும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஆங்கிலச் சொற்களைக் கற்கும்போது தயங்க வேண்டியதில்லை. அவை உழைப்பால் வசப்படும். தம்முடன் கொண்டுசெல்லும் தமிழைச் சுமையாகக் கருதவும் வேண்டியதில்லை. மானிப்பாயில் மாணவர்கள் மேசையைச் சுற்றி நின்று தமிழில் உடலைக் கற்றதும், இன்று ஒரு மருத்துவர் நோயாளியின் அருகில் அமர்ந்து தமிழில் உடலை விளக்குவதும் ஒரே பணியின் இரு முனைகளே ஆகும்.

கற்பவை கற்றபின்

1. கல்லீரல், நுரையீரல் போன்று தோற்றத்தையோ இயல்பையோ உணர்த்தும் உறுப்புப் பெயர்கள் ஐந்தினைத் தொகுத்து, அவற்றின் பெயர்க்காரணத்தை எழுதுக.

2. உங்கள் ஊர்ப் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்னும் சொல் எவ்வெப்பொருள்களில் வழங்குகிறது எனக் கேட்டறிந்து, அறிவியல் வழக்கோடு ஒப்பிடுக.

3. ஓய்வாக உள்ளபோதும், சிறிது தூரம் ஓடிய பின்னரும் உங்கள் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து, இரண்டிற்கும் இடையிலான வேறுபாட்டின் காரணத்தைத் தமிழில் விளக்குக.

4. உங்கள் பகுதியில் நடைபெறும் தொழில் ஒன்றினைத் தேர்ந்து, அதில் ஈடுபடுவோர் உடல்நலம் காக்கும் முறைகளை எளிய தமிழில் துண்டறிக்கையாக உருவாக்குக.